ஒரு வீட்டுக்கு ஒரு எண்

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் முதல் திட்டு வந்துவிடும். தொலைபேசியில் வருவது அது. எழுத்தில் வருபவை மறுநாளிலிருந்து தொடங்கும்.

எங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பிரிவு இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கும் பழைய தாள்கட்டுகளுக்கும் நடுவே இருக்கிறது. இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு இரும்பு அலமாரி. என் மேசையில் இரண்டு தட்டுகள். கட்டுரையோடு ஒத்துப்போகும் கடிதங்களுக்கான ஒன்றில் 'ஏற்பு' என்று எழுதி ஒட்டியிருக்கும், எதிர்த்து வருபவற்றுக்கான மற்றதில் 'மறுப்பு'. மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் ஒன்றும் எழுதவில்லை. அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள் அதற்குள் போகும். மூன்றிலும் சீக்கிரம் நிறைவது அந்தப் பெட்டிதான்.

இத்தனைக்கும் காரணமான கட்டுரையாளர் அரசியலும் மதமும் பற்றி எழுதுகிறவர். புதன்தோறும் வருவதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே புதன். எதிரில் உட்கார்ந்திருக்கும் என் பொறுப்பாளருக்குப் பெயர் கத்தரி. மூன்று பக்கக் கடிதத்தை ஆறு வரியாக வெட்டினாலும் எழுதியவர் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார், அப்படி ஒரு கை.

கத்தரி இரண்டு விதிகள் வைத்திருந்தார். முதலாவது, ஒரு வீட்டுக்கு ஒரு எண். முன்பொரு காலத்தில் ஒரே வீட்டிலிருந்து பதினொரு பெயரில் பதினொரு கடிதம் வந்ததாம். விசாரித்துப் பார்த்தால் அந்த வீட்டில் ஒரு மனிதரும் ஒரு பூனையும் மட்டும் இருந்தார்கள். அன்றிலிருந்து கடிதம் வந்ததும் முகவரியைப் பதிவேட்டில் எழுதி, அந்த வீட்டுக்கு ஒரு எண் போடவேண்டும். அதே வீட்டிலிருந்து இன்னொன்று வந்தால் அதே எண்தான்.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கும்போது பெயர் தெரியக்கூடாது. "பேரைப் பாத்தா மனசு சாயும். எழுத்தைப் பாத்தா சாயாது" என்பார். அதனால் தாளின் தலைப்பையும் கையெழுத்தையும் உட்பக்கம் மடித்துப் பின் அடித்து, மேலே எண்ணை மட்டும் எழுதித் தட்டில் போடுவேன். அவர் எட்டுக் கடிதம் பொறுக்கிக் கொடுத்ததும் எண்ணை வைத்துப் பதிவேட்டைப் பார்த்து, அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவேன். கேட்பது எப்போதும் இரண்டே கேள்வி. கடிதம் நீங்கள் எழுதியதுதானா? பெயரோடு போடலாமா?

அந்த வாரம் புதன் எழுதியது புதிய சட்ட வரைவைப் பற்றி. மதத்தை விட்டு விலகவோ மாறவோ நினைப்பவர் அரசு அலுவலகத்தில் மனுக் கொடுக்கவேண்டும், மனுவில் வீட்டார் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்று அந்த வரைவு சொன்னது. 'காலி செய்ய மூன்று மாத அவகாசமும் இரண்டு சாட்சியும் கேட்பதற்கு நம்பிக்கை என்ன வாடகை வீடா? உள்ளே வரும்போது யாரும் கையெழுத்துக் கேட்கவில்லையே' என்று புதன் கேட்டிருந்தார்.

வாசகர்கள் பதில் சொன்னார்கள்.

'இவர் தன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பிறந்தாரா?' என்றது ஒன்று. 'சுதந்திரம் சுதந்திரம் என்று எழுதுகிறாரே, இவர் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்து எழுதவும்' என்றது இன்னொன்று. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் புதனின் புகைப்படத்தை வெட்டி ஒட்டி, நெற்றியின் அகலத்தை அளந்து, இவ்வளவு இடத்தில் இவ்வளவுதான் விளையும் என்று எழுதியிருந்தார். 'இன்றோடு சந்தாவை நிறுத்துகிறேன். பின்குறிப்பு: குறுக்கெழுத்துப் போட்டியை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா?' என்று கேட்ட ஒருவரைக் கத்தரி இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு மறுப்பு. ஏற்புத் தட்டில் ஒன்றே ஒன்று.

அது இப்படி இருந்தது:

'இருபத்திரண்டு வருடமாக வாரம் தவறாமல் வழிபாட்டுக் கூடத்துக்குப் போகிறேன். எனக்கு நம்பிக்கை உண்டு. யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் வருகிறாயா என்று யாரும் ஒரு நாளும் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. வெளியே போகிறவர்களிடம் கையெழுத்துக் கேட்கும் சட்டம் வந்துவிட்டால், உள்ளே இருப்பவர்கள் விரும்பி இருக்கிறார்களா, வேறு வழியில்லாமல் இருக்கிறார்களா என்பது கடவுளுக்கே தெரியாமல் போய்விடும்.'

கத்தரி படித்து முடித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இதுல வெட்ட ஒண்ணுமில்ல" என்றார். ஏழு மறுப்பு, ஒரு ஏற்பு என்று பக்கம் முடிவானது.

அந்த ஏற்பின் எண் இருநூற்றுப் பதினான்கு. பதிவேட்டில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒருவரின் பெயரும் முகவரியும் இருந்தன. கூப்பிட்டேன். எடுத்தவர் குரலிலேயே, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருப்பவரின் கண்டிப்பு இருந்தது.

"புதன்கிழமை கட்டுரைக்கு ஒரு கடிதம் வந்திருக்கு சார். நீங்க எழுதினதுதானா?"

"நான் எழுதினதுதான். ராத்திரி முழுக்க யோசிச்சு எழுதினது."

"பெயரோட போடலாமா?"

"தாராளமா போடுங்க. கீழ டிரைவிங் ஸ்கூல் பேரையும் போட்டுடுங்க. ஒரு கமாகூட மாத்தக் கூடாது."

மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தின் நடுவில், கட்டம் போட்டு, அவர் பெயரோடும் பள்ளியின் பெயரோடும் அது வந்தது.

திங்கள்கிழமை அவர் கூப்பிட்டார். "நான் எழுதினது இது இல்ல. நான் எழுதினது வேற" என்றார். கோபத்தில் அப்படியே தொலைபேசியை வைத்துவிட்டார். கத்தரியிடம் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கூப்பிடுவார். அச்சில் பார்த்ததும் வீட்டில் திட்டு விழுந்திருக்கும், அல்லது மேலதிகாரி ஒரு மாதிரி பார்த்திருப்பார். உடனே 'நான் எழுதவில்லை' என்பார்கள்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன் சார். கமாகூட மாத்தாதீங்கன்னு சொன்னாரு."

"அப்ப பயந்துட்டாரு. விடு."

விட்டேன். அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பார்க்கவில்லை. அந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி புதனைத் திட்டி வரவில்லை, அந்தப் பயிற்சி ஆசிரியரைத் திட்டி வந்தன. 'இவரிடம் வண்டி ஓட்டக் கற்பவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று தெரிகிறது' என்று ஒருவர். 'கூடத்தில் உட்கார்ந்துகொண்டே கூடத்தைக் குறைசொல்லும் இவர் வெளியே போகலாம், கையெழுத்து நான் போடுகிறேன்' என்று இன்னொருவர்.

புதன்கிழமை புதன் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். 'என் மேல் முந்நூறு கல் விழுந்த வாரத்தில் ஒரு கை மட்டும் குடை பிடித்தது' என்று கட்டுரையைத் தொடங்கி, அந்த ஆசிரியரைப் பெயர் சொல்லிப் பாராட்டி, அவர் கடிதத்தை முழுவதுமாக மேற்கோள் காட்டியிருந்தார்.

வியாழன் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. பெண் குரல்.

"வாசகர் கடிதப் பிரிவா?"

"ஆமாங்க."

"டிரைவிங் ஸ்கூல்லேருந்து பேசறேன். எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனும் அங்க கிளம்பிட்டாங்க. வண்டியை இவர்தான் ஓட்டறாரு, நாப்பதுக்கு மேல போக மாட்டாரு. வர அரை மணி நேரம் ஆகும்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க அண்ணன்தான் வழிபாட்டுக் கூடத்துச் செயலாளர். இன்னிக்குச் சாயங்காலம் கமிட்டி கூடுது. தான் எழுதலன்னு இவர் நிரூபிக்கலன்னா கூடத்து உறுப்பினர் பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. ஏற்கெனவே பதினாறு பேர் கிளாஸுக்கு வர்றத நிறுத்திட்டாங்க. அதனால அந்த ஒரிஜினல் லெட்டரைக் கேக்க வர்றாங்க."

"சரிங்க."

"அது இன்னும் இருக்கா? கையால எழுதினது?"

"எல்லாத்தையும் மூணு மாசம் வச்சிருப்போம்."

"கிழிச்சிப் போட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அதை அவர் சொன்ன விதம் எனக்கு இடித்தது. இணைப்பில் இருக்கச் சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன். அச்சேறியவற்றின் உறையில் இருநூற்றுப் பதினான்கு இருந்தது. பின்னைக் கழற்றி மடிப்பைப் பிரித்தேன். மேலே ஒரு சிறிய கார் படம், பயிற்சிப் பள்ளியின் பெயர், முகவரி. கீழே கையெழுத்தே இல்லை, அவசரத்தில் மடித்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. மறுப்புக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நடுவில் இன்னொரு இருநூற்றுப் பதினான்கு. அதே கார் படம். அழுத்தி எழுதிய, வலப்பக்கம் சாயும் வேறொரு கை. 'குடும்பத்தின் சம்மதம் கேட்பது அடிமைத்தனமா? அது மரியாதை' என்று தொடங்கி, கீழே பெரிதாகக் கையெழுத்து.

ஒரு வீட்டுக்கு ஒரு எண். வியாழனன்று அவர் கடிதத்துக்கு எண் கொடுத்தவள் நான். வெள்ளியன்று அதே முகவரியைப் பதிவேட்டில் பார்த்து, இன்னொரு தாளுக்கும் அதையே போட்டவளும் நான். ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து இருக்கும் என்று விதிக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தொலைபேசியை எடுத்தேன். "இதை எழுதினது நீங்களா அக்கா?"

"நான் பேர் போடலையே" என்றார். "பேர் போடலன்னா பேர் இல்லாம வரும்னு நெனச்சேன்."

"என் தப்பு. அவர் எழுதினதும் இங்க இருக்கு. ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ வந்து நேரம் கேட்டார்கள். "செவ்வாய்க்கிழமை ஏழு மணி. செருப்பு போட்டுட்டு வராதீங்க, ஷூ போட்டுட்டு வாங்க" என்று அவர்களுக்குச் சொன்னார். கதவு மூடும் சத்தம்.

"அவங்க வந்து கேட்டா காட்டட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். "நீங்க சொல்றதைத்தான் செய்வேன்."

அந்தப் பக்கம் சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க என்னைக் கேக்கறீங்க" என்றார். பிறகு, "நானே வர்றேன். அதுவரைக்கும் வெளிய எடுக்காதீங்க. பஸ்ல வரணும், முக்கால் மணி நேரம் ஆகும்."

"ஸ்கூல்ல வண்டி ஏதும் நிக்கலையா?"

"ரெண்டு நிக்குது. எனக்கு ஓட்டத் தெரியாது."

அவர்கள் வந்தார்கள். பயிற்சிப் பள்ளி மாஸ்டர் நான் நினைத்ததைவிடக் குட்டையான மனிதர். வெளிர்நீலச் சட்டை, பையில் பள்ளியின் பெயர் தைத்திருந்தது. நான்கு நாளாகத் தூங்காத கண். கூட வந்த மைத்துனர் உயரம். கையில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ், எங்கள் கடிதப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து வைத்திருந்தார். அன்று வியாழன் என்பதால் புதனும் தன் கடிதங்களை வாங்கிப்போக வந்திருந்தார். மாஸ்டரின் சட்டைப்பையில் இருந்த பெயரைப் படித்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார்.

"நீங்கதானா அது."

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். "கையைப் பத்திரமா வச்சிக்கோங்க சார். அடுத்த புதன்கிழமை யார் குடும்பத்தையாவது கெடுக்கறதுக்கு வேணும்."

புதன் கையை மடக்கிக்கொண்டார். கத்தரி எழுந்து நாற்காலி காட்டினார். யாரும் உட்காரவில்லை.

"நான் எழுதினது இது இல்ல" என்றார் மாஸ்டர். "நாலு நாளாச் சொல்றேன். ஒருத்தரும் காதுல வாங்கலை. என் கையெழுத்து இவருக்குத் தெரியும். ஒரிஜினலை எடுத்து இவர்கிட்ட காட்டுங்க. அது போதும்."

"எழுதலன்னா வேற யாரு மாப்ள எழுதினது?" என்றார் மைத்துனர். "உன் காரு எழுதுச்சா?"

"மச்சான், பசங்க மேல சத்தியமாச் சொல்றேன், நான் எழுதல."

"பசங்களை எதுக்கு இழுக்கற. பேப்பர்ல உன் பேரு. ஸ்கூல் பேரு. இந்தப் பொண்ணு போன் பண்ணிக் கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருக்க. தங்கச்சி வீட்டுக்காரனாச்சேன்னுதான் நான் இவ்வளவு தூரம் வந்ததே. இல்லன்னா உன் பேரு ஞாயித்துக்கிழமையே போயிருக்கும்."

கத்தரி தொண்டையைச் செருமினார். "வாசகர் கையெழுத்தை வெளியாளுக்குக் காட்டற வழக்கம் இங்க இல்லைங்க."

"எது வெளியாளு? இவர் எழுதினதுன்னு போட்டது நீங்க. இவர் லெட்டரை இவருக்கே காட்டறதுல என்ன வழக்கம்?" என்றார் மைத்துனர்.

எதையும் ஆறு வரிக்குள் முடிக்கத் தெரிந்த கத்தரிக்கு அன்று ஒரு வரிகூட வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "எடுத்துட்டு வாம்மா."

"எழுதினவங்களைக் கேக்கணும் சார்."

"எழுதினவர் முன்னாடிதானே நிக்கறாரு."

"கேக்கணும் சார்" என்று மறுபடியும் சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேருந்து இன்னும் பாதி வழிகூட வந்திருக்காது.

தேடுவதுபோல அலமாரிப் பக்கம் போனேன். புதன் பின்னாலேயே வந்தார். கெட்டிக்கார மனிதர். தாழ்ந்த குரலில் கேட்டார்: "இவர் எழுதல. ஆனா இவர் அட்ரஸ்லேருந்து வந்திருக்கு. சரிதானே?"

நான் ஒரு உறையை எடுத்துப் புரட்டினேன்.

"வீட்டம்மாவா?" அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படின்னா காட்டுங்க. இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கு? இப்படி ஒரு மனுஷனோட வீட்டுக்குள்ள, சமையல்கட்டுல உக்காந்து ஒரு அம்மா இதை எழுதியிருக்காங்க. நாடே படிக்கணும்."

"அவங்களைக் கேக்கலாமே சார்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க" என்றார் புதன்.

அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும் நான் படித்திருக்கிறேன். பலவற்றை மனப்பாடமாகச் சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவற்றில் எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. காத்திருக்கப் பொறுக்காமல் மாஸ்டர் அலமாரிக்கே வந்துவிட்டார். அலமாரியின் இழுப்பறையில், நான் பிரித்துப் பார்த்த இரண்டு தாள்களும் அடுத்தடுத்து விரித்தபடி கிடந்தன. இரண்டிலும் கார் படம். நான் இழுப்பறையைத் தள்ளுவதற்குள் அவர் கையை வைத்துவிட்டார்.

தன்னுடையதை அவர் பார்க்கவில்லை. மற்றதைப் பார்த்தார். தினமும் காலையில் அன்று வரும் மாணவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, அவர் கையில் கொடுத்து அனுப்பும் மனைவியின் கை அது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் சீட்டு பார்த்திருப்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெதுவாகப் படித்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதே வார்த்தைகளை அவர் எத்தனை முறை படித்திருப்பார், எல்லோரும் எத்தனை முறை அவருக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள். இப்போதுதான் முதல்முறையாகப் படிப்பவர்போல உதடு அசைந்தது. அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம்தான். ஆனால் யார்மேல் என்று அவருக்கே பிடிபடாத கோபம்.

இழுப்பறையை அவரே தள்ளி மூடினார். திரும்பி நடந்து மைத்துனர் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் எழுதினேன் மச்சான்."

"என்ன?"

"நான்தான். பயத்துல இல்லன்னு சொன்னேன்."

"இப்பத்தான் பசங்க மேல சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். தப்பு. எழுதினது நான்தான். பேரை எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க."

அது மனைவியைக் காப்பாற்றச் சொன்னதா, தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒருத்தி இப்படி யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது வெளியே தெரியாமல் காப்பாற்றச் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. புதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கத்தரி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தியதைப் பார்த்தேன். அந்த ஒரு வெட்டுக்காக அவருக்கு நான் எப்போதும் கடன்பட்டிருப்பேன்.

மைத்துனர் நாளிதழை நான்காக, எட்டாக மடித்தார். "பேரு மட்டும் இல்ல மாப்ள" என்று தொடங்கினார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் இனி எப்படி முன்வரிசையில் உட்காரவைப்பது, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது, இப்படி ஒருவனுக்குத் தங்கையைக் கொடுத்த தன் புத்தியை எதனால் அடிப்பது. நீளமாகப் பேசினார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவர் எழுதல அண்ணா."

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து, விரலிடுக்கில் பேருந்துச் சீட்டு. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுக்குப் போ" என்றார் அண்ணன்.

"போறேன்." உள்ளே வந்தார். கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு நான்தான்னு சொன்னீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாஸ்டர் நிமிர்ந்தார். "வாயை மூடு. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுலதான் இருபத்திரண்டு வருஷமா இருக்கோம்."

பிறகு என்னைத் தேடிப் பார்த்தார். நாங்கள் பேசியது தொலைபேசியில்தான் என்றாலும் அறையில் வேறு பெண் இல்லை. "எழுதினவங்களை எல்லாம் ரெண்டு கேள்வி கேப்பீங்கன்னு இவர் சொன்னாரு. என்னையும் கேளுங்க."

இழுப்பறையைத் திறந்து அவருடைய தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். பதிவேட்டையும் திறந்தேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கும் கேள்வி. பதிவேட்டில் விரலை வைத்துக் கேட்டேன்.

"இந்தக் கடிதம் நீங்க எழுதினதுதானா?"

"நான் எழுதினதுதான்."

"பெயரோட போடலாமா?"

"ஏய்" என்றார் அண்ணன். "ஆமான்னு மட்டும் சொன்ன, இனிமே உன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்."

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். கணவர் சன்னலைப் பார்த்தார்.

"போடுங்க" என்றார். "டிரைவிங் ஸ்கூல் பேர் வேண்டாம். அது அவரோடது."

அண்ணன் போய்விட்டார். மடித்த நாளிதழ் என் மேசையில் கிடந்தது. கணவனும் மனைவியும் ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்கினார்கள். சன்னல் வழியே பார்த்தேன். பயிற்சிக் காரில் அவர் ஓட்டுநர் இருக்கையிலும் அந்த அம்மா பக்கத்து இருக்கையிலும் உட்கார்ந்தார்கள். பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். கார் வெகுநேரம் கிளம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று விஷயங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. எங்கள் பிரிவின் தவறால் ஒருவர் பெயரில் மற்றவர் கடிதம் வந்துவிட்டது என்ற வருத்தம். அதே கடிதம், எழுதிய பெண்ணின் பெயரோடு. மாஸ்டர் முதலில் எழுதிய மறுப்பு, ஒரு கமாகூட மாறாமல். எனக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. கத்தரி பதிவேட்டின் முதல் பக்கத்தில் 'ஒரு வீட்டுக்கு' என்பதை அடித்துவிட்டு 'ஓர் ஆளுக்கு' என்று எழுதினார்.

புதன் அந்த அம்மாவைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதி வைத்திருந்தார். இந்தமுறை கூப்பிட்டுக் கேட்டார், நான் நம்பர் கொடுக்கமாட்டேன் என்று சொன்னதால் என் தொலைபேசியிலேயே, என் எதிரிலேயே. அவர் இரண்டு நிமிடம் பேசினார். பதில் ஒரு நொடியில் வந்தது. அந்த வாரம் அவர் சாலையில் உள்ள குண்டுகுழிகளைப் பற்றி எழுதினார். அதற்கும் நாற்பது திட்டு வந்தது.

அந்த அம்மாவுக்கு வந்தது நானூற்றுக்கு மேல். அட்டைப்பெட்டி பற்றாமல் இன்னொன்று வாங்கினோம். புருஷன் தலைகுனிய நிற்கவைத்தவள், வேலையில்லாதவள், எவனோ எழுதிக்கொடுத்ததைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவள். படித்துப் படித்துத் தட்டில் போட்டேன். மறுப்பில் முப்பத்தேழாவதாக எடுத்த உறைக்குள் கார் படம் போட்ட தாள் இருந்தது. அழுத்தி எழுதிய, வலப்பக்கம் சாயும் கை.

'வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருப்பவர், என்னைக் கேள் என்று ஒரு நாளாவது சொன்னாரா? இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லாததை ஊருக்கு எழுதுவது எப்படித் தைரியம் ஆகும்? சட்டத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. குடும்பம் கேட்கவேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். எப்போது கேட்கவேண்டும் என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது.'

கீழே பெரிதாகக் கையெழுத்து. பள்ளியின் பெயர் இல்லை.

கத்தரி அதைப் பொறுக்கினார். நான் கூப்பிட்டேன். எடுத்தது அந்த அம்மா.

"வாசகர் கடிதப் பிரிவுலேருந்து பேசறேன் அக்கா. சார் இருக்காரா?"

"கிளாஸுக்குப் போயிருக்காரு. இப்ப ஒம்பது பேர்தான். ஆனாலும் நேரத்துக்குப் போயிடுவாரு."

"அவர் எழுதின கடிதம் ஒண்ணு வந்திருக்கு."

"தெரியும். எழுதி மேசைமேல வச்சிட்டுப் போனாரு. ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டது நான்தான்."

"படிச்சீங்களா?"

"ம்." கொஞ்சம் யோசித்தார். "எல்லாத்தையும் ஒத்துக்க மாட்டேன். ஒரு இடத்துல அவர் சொல்றது சரிதான்."

எந்த இடம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்ப பெயரோட போட்டுடலாமா?" என்றேன்.

"அதை என்கிட்ட கேக்கறீங்களே" என்றார். "ஆறு மணிக்கு வருவாரு. அப்பக் கூப்பிட்டு அவரையே கேளுங்க."